குடையும் கிளாஸும் அச்சடித்த பலகை

எங்கள் வீட்டில் காலண்டர் சுவரில் தொங்காது. ஜன்னல் கம்பியில் சணல் போட்டுக் கட்டியிருப்போம். காற்று அடித்தால் அது திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டும். தேதி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கையால் பிடித்துத் திருப்ப வேண்டும். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"ஏம்மா, எல்லார் வூட்லயும் சுவத்துல ஆணி இருக்குது. நம்ம வூட்ல மட்டும் ஒண்ணுகூட இல்ல?"

"வாடகை வூடு. ஆணி அடிச்சா ஓனர் திட்டுவாங்க" என்று சொல்லிவைத்தேன். அது பொய். அப்போது இருந்த வீட்டின் ஓனர் பெங்களூரில் இருந்தார், எங்கள் பக்கம் வருவதே இல்லை. ஆணி அடிக்காதவர் என் கணவர்தான். அவர் அடிக்காமல் போனதற்குக் காரணம் நான்.

கல்யாணமாகி நான் ஓசூருக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எனக்கு மத்தூர் பக்கம். அவருக்குக் குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. அவர் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டினார். ஜூஜுவாடியில் பெங்களூர் ரோட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையாக ஆறு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கடைசி வீடு எங்களுடையது. முன்னால் ஒரு அறை, பின்னால் அதில் பாதிக்குச் சமையல் அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கீழே பெயர்ந்துபோன சிமெண்டுத் தரை. லாரி போனால் ஷீட் அதிர்ந்து, அதிலிருந்து தூசு சோற்றில் விழும்.

அந்த வரிசையில் இருந்த பெண்கள் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து கலகலவென்று பேசுவார்கள். எனக்குத் தமிழிலேயே பேச வராது. தண்ணீர்க் குழாயில் நான் எப்போதும் கடைசியாகத்தான் நிற்பேன். முன்னால் வந்து நின்றால் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்.

அடுத்த வருஷமே அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரஸ்ஸில் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் அது யாரும் நின்று பார்க்கிற விஷயம் இல்லை. டீக்கடையில் கிளாஸ் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்தாலே எத்தனை பேர் பிரஸ் ஓட்டினவர்கள் என்று தெரியும். ஆனால் போனது அவருடைய விரல்கள். புண் ஆறி வேலைக்குப் போனபோது அவரைப் பிரஸ்ஸில் விடாமல் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "எட்டு விரல் மேஸ்திரி வந்துட்டாருடா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினார்களாம். அவர்கள் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் அன்றிலிருந்து இடது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். வீட்டில் என் முன்னாலும் அப்படித்தான். சாப்பிடும்போது துண்டு, தூங்கும்போது துண்டு. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஆறேழு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் சைக்கிளில் நாலு பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டியைப் பிரித்துப் போட்ட பலகைகள். நம்மூர் மரம் மாதிரி இல்லை. வெளுப்பாக, எலுமிச்சம்பழத் தோலும் சாம்பிராணியும் கலந்தாற்போல ஒரு வாசனையோடு இருந்தது. அதன் மேல் கருப்பு மையில் ஒரு குடையும், காலுள்ள ஒரு கண்ணாடிக் கிளாஸும் அச்சடித்திருந்தார்கள். மழையில் நனைக்காதே, கீழே போடாதே என்று சுமப்பவனுக்குச் சொல்கிற படங்கள் என்று பிறகுதான் சொன்னார்.

"எதுக்கு இது? அடுப்பெரிக்கவா?" என்றேன்.

"அடுப்புல வெக்கறதுக்கா கேட் பாஸ் வாங்கிக்கினு வந்தேன்? ஷெல்பு பண்ணலாம்மே."

"யாரு பண்றது?"

"எட்டு விரல் மேஸ்திரிதான். வேற யாரு."

தன் வாயால் அவர் அதைச் சொன்னது அன்றுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையை இறக்கினேன்.

ஆணி அடிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை சுத்தியலுக்கு, ஒரு கை ஆணியைப் பிடிப்பதற்கு. பிடிக்கிற விரல்கள்தான் அவருக்கு இல்லை. மூன்று முறை முயன்றார். ஆணி நழுவி விழுந்தது. துண்டைத் தேடினார். நான் போய் ஆணியை எடுத்துச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"கைய ஆட்டாத. பயமா இருக்குதா?"

"இல்ல."

"கண்ண மூடிக்கினு இருக்கற."

"மூடிக்கினா என்னா, நீங்க தெறந்துதான வெச்சிருக்கறீங்க? அடிங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆறேழு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. முதல் ஆணி நேராக இறங்கியது. இரண்டாவதும் நேராக இறங்கியது. மூன்றாவது அடிக்கும்போது என் கை ஆடிவிட்டது. அது கோணலாகப் போய் நின்றது. பிடுங்கி அடிக்கலாம் என்றேன். "உடு, தாங்கும்" என்றார். பலகையின் மற்ற இடமெல்லாம் இழைத்து வழவழப்பாக்கினார். குடையையும் கிளாஸையும் மட்டும் இழைக்காமல் முன்பக்கமாகத் தெரிகிற மாதிரி வைத்தார். சமையல் அறையிலிருந்து பித்தளைச் சொம்பையும் இரண்டு பீங்கான் தட்டையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்தேன். இருவரும் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. பழைய சாக்குகளைப் பிரித்துக் கோணி ஊசியால் ஒன்றோடு ஒன்று தைத்தேன். அதை ஷீட்டுக்குக் கீழே இழுத்துக் கட்டி, சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சி கலந்து மூன்று தடவை பூசினோம். காய்ந்ததும் மொடமொடவென்று விறைத்து, உண்மையான சீலிங் மாதிரியே ஆகிவிட்டது. தூசு நின்றது, வெயிலும் பாதி குறைந்தது. ஓனர் வீட்டுப் பூனை ஷீட் இடுக்கில் நுழைந்து அதன் மேல் படுத்துக்கொள்ளும். கீழிருந்து பார்த்தால் சாக்கு உருண்டையாகத் தொங்கும். "ஊருல எல்லாரும் சீலிங் பேன் போடறான். நம்மளுது சீலிங் பூனை. கரண்டு வேணாம்" என்பார் அவர்.

என் கல்யாணத்துக்கு வந்த சேலைகளில் ஒன்று இடுப்புப் பக்கம் கிழிந்திருந்தது. அதன் முந்தானையையும் கரையையும் வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்தேன். லேத்தில் இரும்பு கடையும்போது சுருள் சுருளாக விழுமே, சூடு ஏறி நீலமும் ஊதாவுமாக மின்னும். அதில் நீளமான சுருள்களைப் பொறுக்கி வந்து, கூர் போக அரம் போட்டு ராவி, ஜன்னலில் தொங்கவிட்டார். காலை வெயிலில் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் ஆடும்.

கடைசியாகத் தரை. கிருஷ்ணகிரி ரோட்டில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளுக்கு வெளியே உடைந்த சில்லுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். எடுத்துப்போனால் அவர்களுக்கு இடம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்குப் பையோடு போய் அவர் கொண்டுவருவார். கருப்பு, சிவப்பு, சாம்பல் நிறம். எனக்குப் பேச வராதே தவிர, கோலம் வரும். தரையில் சாக்பீஸால் பெரிய கோலம் ஒன்று போட்டேன். அந்தக் கோடுகளுக்கு ஏற்றாற்போலச் சில்லுகளைத் தேடி எடுத்துக் கொடுப்பேன், அவர் சிமெண்டில் பதிப்பார். எந்தச் சில்லு எங்கே பொருந்தும் என்று என் கண்ணுக்கு உடனே தெரியும். "கம்பெனில உன்ன இன்ஸ்பெக்ஷன்ல போடலாம்மே" என்றார். அது முடிய நாலு மாதம் ஆனது.

அதற்குள் துண்டு எங்கே போனது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் அது ஜன்னல் துடைக்கிற துணியாக இருந்தது.

அவர் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார். "கதவ சாத்தியே வெய். ஓனர் பாத்தா வாடகை ஏத்திடுவாங்க." நானும் சாத்தியே வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட உள்ளே வந்ததில்லை. ஆனால் மனது கேட்கவில்லை. இவ்வளவு அழகான வீட்டை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பேசத் தெரியாதவளைப் பற்றி வீடாவது பேசட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அதுதான் பெரிய பண்டிகை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் மாலை போட்டுக் கலர் காகிதம் ஒட்டி, குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். காலையில் நானும் போய் வந்தேன். பொரியும் கடலையும் ஸ்வீட்டும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் தன்னுடைய சுத்தியல், ரம்பம், இழைப்புளி, அரம் எல்லாவற்றையும் கழுவி, அந்த ஷெல்பில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். கம்பெனியில் மிச்சமான கலர் காகிதத்தைச் சுற்றிலும் ஒட்டினார். பூஜை முடிந்ததும், பேக்கிங் பிரிவில் பொரி பங்கு போட ஆள் இல்லை என்று திரும்பக் கம்பெனிக்குப் போனார்.

அந்த நேரத்தில் நான் ஓனர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் மாடி வீடு. என்னைப் பார்த்ததும் ஓனரம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவர்கள் தெலுங்குக்காரர்கள்.

"ஓ, கடைசி வூட்டுப் பொண்ணா? உனக்குப் பேச வருமா?"

"பூஜை பண்ணிருக்கறோம்மா. பொரி சுண்டல் வாங்கிக்கினு போவீங்களாம்."

அதைச் சொல்வதற்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

வந்தாள். வாசலில் செருப்பை விட்டு உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள். "அய்யய்யோ, ஏமிம்மா இதி! இது நம்ம வூடா?" என்றாள். நேராகப் போய்க் குடையையும் கிளாஸையும் விரலால் தடவினாள். தரையைக் குனிந்து பார்த்தாள். சாக்கு என்று நான் சொன்னதை நம்பாமல், துடைப்பக்கட்டையால் சீலிங்கைத் தட்டிப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ. கஞ்சி கலந்ததைச் சொன்னேன், சேலை கிழிந்ததைச் சொன்னேன், சில்லு பொறுக்கியதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவர் வந்து தாம்பாளத்தில் குங்குமம் கலைந்திருப்பதைப் பார்த்தார்.

"யாரு வந்தா?"

"ஓனரம்மா. பொரி குடுக்கலாம்னு..."

"நீயா போயி கூப்ட்ட?" அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "போச்சு, வாடகை ஏறப்போவுது." சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்லாருக்குதுன்னு சொன்னாங்களா?" என்றார்.

"சொன்னாங்க."

"குடைய பாத்தாங்களா?"

"மொதல்ல அதத்தான் பாத்தாங்க."

"ஏத்தினா ஏத்தட்டும் போ" என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. அதை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

தீபாவளி கழிந்து ஒருநாள் பகலில் கதவைத் தட்டினார்கள். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஓனரம்மாவும் அவளுடைய மகளும், கூடவே பட்டுச் சேலை கட்டிய ஒரு பெரியம்மாவும் இரண்டு ஆண்களும். மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஓசூரிலேயே கம்பெனி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு தனியாக வைக்கப்போகிற வீட்டைக் காட்ட வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து மெல்ல எனக்குப் புரிந்தது. அந்தப் பெரியம்மா மாப்பிள்ளையின் தாய். சீலிங்கைப் பார்த்தாள், திரையைத் தொட்டுப் பார்த்தாள், ஷெல்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"யாரு பண்ணது இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"நாங்கதான். பொண்ணுக்குன்னு பாத்துப் பாத்துப் பண்ணி வெச்சோம்" என்றாள் ஓனரம்மா. என் பக்கம் திரும்பி, "தண்ணி குடும்மா எல்லாருக்கும்" என்றாள்.

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இது நாங்கள் செய்தது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் கணவர் இரண்டு விரல் இல்லாத கையால் செய்தது. அந்த மகள் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்ததும் தரையைப் பார்த்தாள். டம்ளர்களை வாங்கிக்கொண்டு சமையல் அறைக்குப் போய், அவர்கள் போகும்வரை நான் வெளியே வரவில்லை.

அவர் வந்ததும் அதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஓனரே வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பொண்ணுக்கு வேணும்ங்கறாங்க, தம்பி. தை மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க. மூணாவது வூடு காலியாவுது, வேணும்னா அதுல இருந்துக்குங்க."

இவர் ஷெல்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க. அந்த ஷெல்ப கழட்டிக்கறேன்" என்றார்.

"சுவத்துல அடிச்சத எப்பிடி தம்பி கழட்டறது? சுவரு பேந்துடும். அது இருக்கட்டும். தரையவும்தான் பேத்துக்கினு போக முடியுமா?" என்று சிரித்தார்.

இவர் கொடியில் கிடந்த என் பழைய தாவணித் துணி ஒன்றை எடுத்தார். முகம் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். இடது கையை அதற்குள் சுருட்டிக்கொண்டார்.

ஓனர் போன பிறகு அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். யார் கூப்பிட்டார்கள், ஏன் கூப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். மூன்றாவது வீடு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். காலி செய்த அன்று சாமான்கள் ஒரு மாட்டுவண்டியில் அடங்கிவிட்டன. இரும்புச் சுருள்களை அவர் அறுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். பூனை வண்டிக்குப் பின்னால் கொஞ்சதூரம் வந்தது.

டவுனுக்குள் வேறு வீடு போனோம். பிறகு இன்னொன்று. அவர் சுத்தியலை எடுக்கவில்லை. ஆயுத பூஜைக்குக்கூட வீட்டில் எதையும் வைப்பதில்லை. கம்பெனியில் கொடுக்கிற பொரியைக் கொண்டுவந்து மகளிடம் கொடுப்பார். அவள் பிறந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். அவளை வலது கையால்தான் தூக்குவார்.

பத்து வருஷம் கழிந்திருக்கும். காய்கறிச் சந்தையில், "அக்கா" என்று யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஓனரின் மகள். பருத்துப்போயிருந்தாள், பக்கத்தில் ஒரு பையன். அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்களாம்.

"ஷெல்பு அப்பிடியே இருக்குதுக்கா. கரையான்கூட தொடல. இவன் புஸ்தகமெல்லாம் அதுலதான். அந்தக் குடை யாருதுன்னு கேட்டுக்கினே இருப்பான்."

நான் தலையை ஆட்டினேன். அவள் போகாமல் நின்றாள்.

"எங்க மாமியார் இன்னும் எங்கப்பா பண்ணதுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நான் ஒண்ணும் சொன்னதில்லக்கா. அன்னிக்கி நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். நீங்க சொல்லிருந்தா நானும் ஆமான்னு சொல்லிருப்பேன். இவ்ளோ அழகாப் பண்ணவங்கள எப்பிடிப் போவச் சொல்றதுன்னு எங்கப்பாகிட்ட அழுதிருப்பேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை என் காதில் அது மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாப்பாடு போடும்போது சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. "ஓனர் பொண்ண சந்தைல பாத்தேன். ஷெல்பு இன்னும் இருக்குதாம்" என்று மட்டும்.

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு கேட்டார்.

"மூணாவது ஆணி நிக்குதாமா?"

"நிக்குதாம்" என்றேன். அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை.

"அன்னிக்கி கைய ஆட்டிட்ட நீ" என்றார். பத்து வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு ஆணி வாங்கி வந்தேன். பழைய பெட்டியில் அடியில் கிடந்த சுத்தியலைத் தேடி எடுத்தேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முன்னறைச் சுவரில், காலண்டர் மாட்டுகிற உயரத்தில், ஆணியை வைத்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கையும் ஆடவில்லை.

வந்து நின்றார். என் கையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். சுத்தியலை நோக்கி அவர் வலது கை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. நகர்ந்தது என்று நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

"டைமாச்சு. பஸ் போயிடும்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நான் ஆணியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன். அந்த ஆணி இப்போது கடுகு டப்பாவுக்குள் இருக்கிறது. தாளிக்க எடுக்கும்போதெல்லாம் கரண்டியில் தட்டுப்படும்.